குறி பெற்ற குருதி

குருதி உடலெங்கும் சுற்றி ஓடுகின்றது என்பதை வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கில மருத்துவர் 1628-ஆம் ஆண்டில் நூல் எழுதி நிறுவினார். ஓடுகின்றது என்றறிந்த பின், எவ்வுறுப்புக்கு எவ்வளவு செல்கின்றது என்றறியும் வேட்கை எழுவது இயல்பே. மூளை உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்கே உடையது. ஆயினும் இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கைப் பெறுகின்றது. சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கைக் கொள்கின்றன. இவ்வரத்துக் குறையின் உறுப்பு வாடும். பயிர் கருகிய பின்னர் நீர் வரவில்லை என்று கண்டறிவதால் உழவனுக்கு என்ன பயன்?

வாய்க்கால் நீர் எந்த வயலுக்கு எவ்வளவு செல்கின்றது என்றறிய, மதகடியில் சாயத்தைக் கரைத்துவிட்டுப் பார்க்கலாம். மருத்துவர் செய்ததும் இதுவே. காடோலினியம் என்னும் உலோகம் சேர்ந்த மருந்தைச் சிரையிற் செலுத்தி, காந்த ஒத்ததிர்வுக் கருவியாற் படம் எடுத்தனர். இன்றும் பலருக்கு அவ்வாறே எடுக்கின்றனர். (இக்கருவியை மக்கள் எம்.ஆர்.ஐ. என்று வழங்குவர். மூன்றெழுத்து நாவுக்கு எளிது. ஆனால் பொருள் ஒன்றும் சொல்வதில்லை.) உட்சென்ற மருந்தை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம். அது பெரிதும் பழுதுற்றவர் சிலருக்கு, அம்மருந்தின் பழைய வகைகளால் தோல் தடித்து இறுகும் கொடுநோய் உண்டாயிற்று. இத்தொடர்பு 2006-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. பின்வந்த வகைகளில் அத்தீங்கு மிக அரிது. எனினும், எவருடைய சிறுநீரகத்தை ஆராய வேண்டுமோ, அவருக்கே மருந்து செலுத்தத் தயங்க வேண்டிய இக்கட்டு நேர்ந்தது.

சாயம் கரைக்காமல், ஓடும் நீரையே சாயமாக்க இயலுமா? இயலும் என்பதை ஜான் டெட்ரே, டொனால்டு வில்லியம்ஸ், ஆலன் கோரெட்ஸ்கி முதலிய அமெரிக்க அறிஞர் எலியின் மூளையிற் செய்து காட்டி, 1992-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இதற்குத் தமனிச் சுழற்சிக் குறியிடல் என்று பெயர். தமனியாவது இதயத்தினின்று குருதியைக் கொண்டுசெல்லும் குழாய். சுழற்சி என்றது ஈண்டுக் குருதியின் சுற்றோட்டத்தை அன்று. அணுக்கருவின் தற்சுழற்சியை என்க.

குருதியிற் பெரும்பகுதி நீர். நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுவின் கரு ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய காந்தம். புவியின் காந்தப் புலத்தினும் ஏறத்தாழ அறுபதாயிரம் மடங்கு வலிய, 3 டெஸ்லா அளவுள்ள கருவியினுள் ஒருவர் படுத்தால், இந்நுண்காந்தங்களுள் ஒரு சிறு மிகுதி அப்புலத்தின் திசையை நோக்கி நிற்கும். அப்போது நொடிக்கு ஏறத்தாழ 12 கோடியே 80 இலட்சம் முறை அதிரும் வானொலி அலையைக் கழுத்தருகே செலுத்தின், அவ்வழியே மேலேறும் குருதியின் நுண்காந்தங்கள் தலைகீழாகத் திரும்பும். இதுவே குறி. ஊசி இல்லை, எக்ஸ் கதிரும் இல்லை.

குறி பெற்ற குருதி மூளைத் திசுக்களை அடைய ஏறத்தாழ இரண்டு நொடி பொறுத்துப் படம் எடுப்பர். பின்னர்க் குறியிடாமல் மற்றொரு படம் எடுப்பர். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால், அசையாத திசு யாவும் மறைந்து, வந்து சேர்ந்த குருதி மட்டும் எஞ்சும். என் கருத்தில் இம்முறையின் அழகெல்லாம் இக்கழித்தலில்தான் உள்ளது. ஆனால் எஞ்சுவது நூற்றில் ஒரு பங்களவே. ஆதலின், நான்கைந்து நிமிடம் பல இணைப் படங்கள் எடுத்துச் சராசரி காண்பர். நலமுள்ள ஒருவரின் மூளையில் 100 கிராம் திசுவுக்கு நிமிடந்தோறும் சற்றேறக்குறைய 50 மில்லிலிட்டர் குருதி செல்வதை இவ்வாறு அளந்தறியலாம்.

குறி நிலைத்து நிற்பதன்று. ஒன்றரை நொடிக்குச் சற்று மேற்பட்ட காலத்திற்குள் அது மூன்றில் ஒரு பங்களவாகத் தேய்ந்துவிடும். விரைந்து படம் எடுத்தால் குருதி சேர்ந்திராது. தாழ்த்தினால் குறி அழிந்திருக்கும். குழாய் சுருங்கிய முதியவர்க்குக் குருதி சுற்றுவழியே மெல்ல வந்து சேரும். அது சேருமுன் படம் எடுத்தால், உண்மையில் நீர் பெறும் வயல் வறண்ட வயலாய்த் தோன்றும். பக்கவாதம் உற்றவரின் படத்தை ஆராயும் மருத்துவர் இதனை மறந்தால், பிழைத்திருக்கும் பகுதியை மாண்டதாகக் கொள்ள நேரும். அதனால் வெவ்வேறு கால இடைவெளிகளிற் படம் எடுத்து ஒப்பிடுவதும் உண்டு.

சிறுநீரகத்தில் இடர் வேறு. அங்குக் குருதி மிகுதியாதலின் குறி நன்கு தெரியும். ஆனால் மூச்சுக்கு மூச்சு அவ்வுறுப்பு மேலும் கீழும் அசையும். அசைந்த படங்களைக் கழித்தால் விடை பொய்க்கும். ஆகவே நோயாளியை மூச்சடக்கச் சொல்வர். அல்லது மூச்சின் ஒழுங்குக்கு இயையப் படம் எடுப்பர். பிறர் ஈந்த சிறுநீரகத்தைப் பெற்றவர்க்கு இவ்விடர் குறைவு. அதனை அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வைத்துத் தைப்பராதலின், மூச்சு அதனை அவ்வளவாக அசைப்பதில்லை. புதிய இடத்தில் அதற்குக் குருதி செவ்வையாகச் செல்கின்றதா என்பதை, ஒரு துளி மருந்தும் செலுத்தாமல், மீண்டும் மீண்டும் பார்த்துவரலாம்.