குடிநோய்க்கு மருந்து உண்டு

மது ஹராம் என்பதை நம் வீட்டுச் சிறு பிள்ளையும் அறியும். ஆனால் வீட்டில் ஒருவர் குடிக்கு அடிமையாகிவிட்டாலோ, நாம் வாய் திறப்பதில்லை. ஜமாஅத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும், மகளுக்கு வரன் அமையுமா என்று அஞ்சிக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். பிறகு, யாரோ விற்கும் பொடியை அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கிறோம். அல்லது அவரை அறையில் வைத்துப் பூட்டுகிறோம். சகோதரிகளே, இவ்விரண்டும் உயிருக்கே ஆபத்தானவை.

பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் சில நாட்களில் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் உண்டாகலாம்; உயிர் போவதும் உண்டு. மருத்துவரின் மேற்பார்வையில் உரிய மாத்திரைகளும் தயாமின் சத்தும் கொடுத்தால் இக்கட்டத்தைக் கடந்துவிடலாம். ரகசியப் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்பதை நாம் அறியோம். டைசல்ஃபிரம் என்றொரு மருந்து உண்டு. அதை உட்கொண்டவர் மது அருந்தினால் முகம் சிவக்கும், வாந்தி வரும், இரத்த அழுத்தம் இறங்கும். நோயாளியின் சம்மதத்தோடு மருத்துவர் கொடுத்தால் அது காவல். மறைத்துக் கொடுத்தால் அதுவே நஞ்சு.

சரியான வழி எது? குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், 1980-ல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். இந்நிலையத்தார் இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி கிராமத்திலேயே சிகிச்சை முகாம் நடத்தினர். அந்த அனுபவம் 1994-ல் மருத்துவ ஆய்விதழில் வெளியானது. மருந்து, மன ஆலோசனை, குடும்பத்தாரின் பங்கு, பின்தொடர் கவனிப்பு ஆகிய நான்கும் சேர்ந்ததே சிகிச்சை. குடிவேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகளும் இன்று உள்ளன.

மீண்டும் ஒருமுறை குடித்துவிட்டால் எல்லாம் வீண் என்று எண்ணாதீர்கள். சர்க்கரை கூடிவிட்டது என்பதற்காக நீரிழிவுக்காரரை நாம் வெறுத்து ஒதுக்குவதில்லை. மறுபடியும் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம். இதுவும் அத்தகையதே.

எருமப்பட்டி வட்டாரத்தார்க்கு நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தொலைவில் இல்லை. 14446 என்ற தேசிய உதவி எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். அவர் தெளிவாக இருக்கும் வேளையில் அன்போடு பேசுங்கள், உடன் செல்லுங்கள். துஆவோடு மருந்தும் சேரட்டும். மறைப்பதால் மானம் காக்கப்படலாம். மனிதரைக் காக்கச் சிகிச்சைதான் வேண்டும்.