உங்களுக்குத் தெரியுமா? அரசியல் தலைவராக மாறிய அன்னம்

● கூட்டை நோக்கி நீந்தி வருகிறது ஒரு நாய். இறகுகள் பறக்க, சிறகை விரித்துச் சீறுகிறது வெள்ளை அன்னம். ‘அச்சுறுத்தப்பட்ட அன்னம்’ எனப்படும் இந்த ஓவியத்தை 1650 வாக்கில் வரைந்தவர், நெதர்லாந்தின் யான் அசெலைன்.

● அன்னம் ஏறக்குறைய நிஜப் பறவையின் அளவிலேயே இருக்கிறது. படத்தின் உயரம் 144 செ.மீ., அகலம் 171 செ.மீ. நாய்க்குக் கிடைத்ததோ இடது ஓரம் மட்டும். அதன் தலைதான் நீருக்கு மேலே தெரிகிறது. யார் பக்கம் நிற்க வேண்டும் என்பதை இந்த அளவே சொல்லிவிடுகிறது.

● அசெலைனுக்குப் புகழ் தேடித் தந்தவை இத்தாலிய நிலக்காட்சிகள். அவருடைய ஒரு கை ஊனமுற்றிருந்தது. ரெம்பிராண்ட் அவரது உருவத்தைச் செப்புத்தகட்டு ஓவியமாக்கியிருக்கிறார்.

● படத்தில் மூன்று இடங்களில் எழுத்துகள் உண்டு. முட்டை ஒன்றில் ‘ஹாலந்து’, நாய்க்கு மேலே ‘நாட்டின் எதிரி’, அன்னத்தின் கீழே ஹாலந்தின் தலைமை நிர்வாகியுடைய பதவிப்பெயர். அன்னமாகக் கருதப்பட்டவர், அந்தப் பதவியில் இருந்த யோஹான் டி விட். 1672இல் தி ஹேக் நகரில் ஒரு கும்பல் அவரையும் அவருடைய அண்ணனையும் கொன்றது.

● டி விட் அந்தப் பதவிக்கு வந்தது 1653இல். ஓவியர் இறந்ததோ 1652இல்! அந்த எழுத்துகள் பிற்பாடு வேறொருவர் சேர்த்தவை. வரைந்தவர் காட்டியது கூட்டைக் காக்கும் பறவையை. அதில் அரசியலைக் கண்டவர்கள் பின்னால் வந்தவர்கள்.

● இன்று ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் முன்னோடியான தேசியக் கலைக்கூடம், 1800இல் முதன்முதலாக வாங்கிய ஓவியம் இதுதான். விலை 100 கில்டர். நாட்டைக் காத்த தலைவரின் சின்னமாகவே அதை வாங்கினார்கள்.

● பின்னால் ஏற்றிய பொருள் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது எப்படி? கூட்டுக்கு ஆபத்து என்றால் அன்னம் உண்மையிலேயே சிறகை உயர்த்திச் சீறும், பாய்ந்து தாக்கும். அசெலைன் அதைப் பிசகாமல் தீட்டியிருந்தார். பறவை பொய்யாக இருந்திருந்தால் சின்னமும் நின்றிருக்காது.

● விலங்கோவியம் எதைக் கண்டாலும் முதலில் அந்த உயிர் என்ன செய்கிறது என்று பாருங்கள். அடுத்து, வரைந்த ஆண்டைப் பாருங்கள். ‘இது எதன் குறியீடு?’ என்ற கேள்வியை அதற்குப் பிறகு கேளுங்கள்.