டங்ஸ்டன் முனையைத் தீட்டுதல்



பென்சிலைச் சீவத் தெரியாதவன் கோடு போட முடியாது. அவ்வாறே, டங்ஸ்டன் கம்பியைத் தீட்டத் தெரியாதவர் ஆர்கான் வெல்டிங்கில் தேர்ச்சி பெற முடியாது.

சாதாரண மின்சார வெல்டிங்கில் கையிலுள்ள குச்சியே உருகி இணைப்பாகிறது. இம்முறையிலோ டங்ஸ்டன் கம்பி தான் உருகாமல் நின்று, மின்சுடரை மட்டும் தாங்குகிறது. சுற்றிலும் ஆர்கான் வாயு பரவி, காற்று அணுகாமல் காக்கிறது. உலோகங்கள் அனைத்திலும் உருகுநிலை மிக உயர்ந்தது டங்ஸ்டனே. அது ஏறத்தாழ 3,400 டிகிரி சென்டிகிரேடு.

கம்பியின் வகையை அதன் நுனியிலுள்ள வண்ணம் கூறும். பச்சை, கலப்பற்ற டங்ஸ்டன். சிவப்பு, நூற்றுக்கு இரண்டு பங்கு தோரியம் ஆக்ஸைடு கலந்தது. சாம்பல் நிறம் சீரியத்தையும், நீலம் லாந்தனத்தையும் குறிக்கும். இவற்றைக் கலப்பதால் எலெக்ட்ரான்கள் எளிதில் வெளிப்படுகின்றன. சுடர் விரைவில் பற்றி நிலைத்து நிற்கிறது. இம்மூன்று தனிமங்களும் நமது மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் மணலிலும் அடங்கியுள்ளன என்பதை நினைவிற் கொள்க.

எஃகை இணைக்க நேர் மின்னோட்டமும் கூரிய முனையும் வேண்டும். கம்பியை எதிர்முனையில் இணைத்தால் வெப்பத்தின் பெரும்பகுதி வேலைப்பொருளைச் சேரும். மாற்றி இணைத்தால் கம்பியே உருகிக் கெடும். அலுமினியத்தின் மேலுள்ள ஆக்ஸைடுப் படலத்தை நீக்க மாறு மின்னோட்டம் தேவை. அங்கே முனை சற்று உருண்டு நிற்கும்.

கூராக்கும் பகுதியின் நீளம் கம்பியின் விட்டத்தைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு இருக்கலாம். சாணையின் கீறல்கள் கம்பியின் நீளவாட்டில் அமைய வேண்டும். குறுக்கே அமைந்தால் சுடர் அலைபாயும். ஊசிபோன்ற நுனியைச் சிறிது மழுக்கிவிடுக. இல்லையேல் அது உடைந்து உருகிய உலோகத்தில் விழும். இதற்கெனத் தனிச் சாணைக்கல் ஒன்று வைத்திருப்பது நன்று. பிற உலோகத்துகள் முனையில் ஒட்டினால் இணைப்புக் கெடும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவரை அவர் பணிபுரிந்த பட்டறையில் கண்டேன். முகமூடியின்றிச் சிவப்பு நுனிக் கம்பியைத் தீட்டிக்கொண்டிருந்தார். "இந்தத் தூசி என்ன செய்யும் ஐயா?" என்று சிரித்தார். தோரியம் கதிரியக்கமுடையது என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. நானும் வகுப்பில் ஆல்ஃபாக் கதிரைப் பற்றி ஒரு பாடம் நடத்தியிருந்தேன். பட்டறையோடு அதைப் பொருத்திக் காட்டவில்லை. அக்குறை என்னுடையதும் ஆகும்.

ஆல்ஃபாக் கதிர் தோலைக் கடந்து உள்ளே செல்லாது. ஆகவே கம்பியைக் கையில் பிடிப்பதால் பெருந்தீங்கில்லை. ஆனால் தூசி சுவாசப்பைக்குள் சென்று தங்கினால், தடுக்கத் தோல் அங்கில்லை. பல ஆண்டுகள் அது உள்ளிருந்தே கதிர் வீசும். ஆதலின் தூசியை உறிஞ்சும் அமைப்பும் முகமூடியும் இன்றியமையாதவை. அதனினும் எளிய வழி, லாந்தனம் கலந்த கம்பியைத் தேர்ந்தெடுப்பது. பெரும்பாலான வேலைகளுக்கு அது சிவப்புக்கு ஈடாக உழைக்கும்.

தொழிற்கூடத்தில் கம்பி ஒன்றைக் கையில் எடுக்கும் நாளில், முதலில் அதன் வண்ணத்தைப் பாருங்கள்.