மேசைப் பாத்திர விளையாட்டு: குழுவுக்கேற்ற விதித்தொகுப்பைத் தேர்ந்தெடுத்தல்

மேசைப் பாத்திர விளையாட்டு என்பது, சிலர் ஒன்றாக அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, பேச்சின் மூலமாகவே ஒரு கதையை நடத்திச் செல்லும் விளையாட்டு ஆகும். பெரும்பாலானவற்றில் நடத்துநர் ஒருவர் சூழலை விவரிப்பார். முடிவு உறுதியில்லாத இடங்களில் பகடை தீர்மானிக்கும். தாயம், ஆடுபுலி ஆட்டம் போல இதில் வென்றவர், தோற்றவர் என்று பெரும்பாலும் இருப்பதில்லை. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கி வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இவ்வகைக்கு முன்னோடி.

ஒரே மேசையில் அமர்பவர்கள் ஒரே காரணத்துக்காக அமர்வதில்லை. 1980-ல் கிளென் பிளாகோ எழுதிய ஒரு கட்டுரை, ஆட்டக்காரர்களின் நாட்டத்தை நான்காகப் பிரித்தது: பாத்திரமாகவே மாறிப் பேசுதல், கதை வளர்த்தல், பாத்திரத்தின் ஆற்றலைப் பெருக்குதல், போர்த்தந்திரம். ஒருவரிடமே இவை கலந்தும் இருக்கும். எது தமக்குப் பிடிக்கும் என்று பேசாமலேயே தொடங்கும் குழு விரைவில் சலித்துக் கலைந்துவிடும்.

விதித்தொகுப்பு எதற்குப் பக்கங்களை ஒதுக்குகிறதோ, ஆட்டமும் அந்தப் பக்கமே சாயும். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் சண்டைக்கும் மந்திரத்துக்கும் விரிவான விதிகள் உண்டு. 1981-ல் வெளிவந்த கால் ஆஃப் கதுலு துப்பறிதலும் அச்சமும் சார்ந்தது. அதில் எதிரியோடு மோதுவதைவிட ஓடிவிடுவதே பெரும்பாலும் புத்திசாலித்தனம். 2010-ன் அபோகலிப்ஸ் வேர்ல்டில் இரண்டு அறுமுகப் பகடைகள் போதும். 10-க்கு மேல் விழுந்தாலும் சரி, 10 விழுந்தாலும் சரி, முழு வெற்றி. 7 முதல் 9 வரை என்றால் வெற்றியோடு ஒரு சிக்கலும் சேர்ந்து வரும். கதை நகர இந்தச் சிக்கலே உதவுகிறது. 2009-ன் ஃபியாஸ்கோவுக்கு நடத்துநரே வேண்டாம். ஒரே மாலையில் முடிந்துவிடும்.

திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கும் நான்கு நண்பர்களை எண்ணிக்கொள்வோம். ஒருவருக்குச் சண்டைக் கணக்கு பிடிக்கும், ஒருவருக்கு வசனம், ஒருவருக்குத் துப்புத் துலக்கல். நான்காமவர் நண்பர்களுக்காகவே வருபவர். ஷிப்ட் மாறிக்கொண்டே இருப்பதால், நால்வரும் சேர்ந்து கிடைப்பது சில ஞாயிறு மாலைகள்தான். இவர்களைப் பொறுத்தவரை, ரசனையைவிட நேரமே முதல் கேள்வி. மாதக்கணக்கில் நீளும் தொடர்கதை, ஒருவர் இரண்டு முறை வராவிட்டால் நின்றுவிடும். எனவே ஒரே அமர்வில் முடியும் கதைகளாக மூன்று வேறு தொகுப்புகளை ஆடிப் பார்ப்பது நல்லது. பிறகு, எல்லோருக்கும் மிகவும் பிடித்த ஒன்றைத் தேடி அலையாமல், ஒவ்வொருவருக்கும் பிடித்தது அமர்வுக்கு ஒருமுறையாவது நிகழும் தொகுப்பைக் கொள்ளலாம். நான்காமவருக்கு விதி குறைந்த எளிய பாத்திரம் கொடுத்தால் போதும். பக்கக்கணக்கில் படிக்கச் சொன்னால் அடுத்த வாரம் வரமாட்டார்!

எல்லாக் கதைக்கும் பொருந்தும் என்று சொல்லப்படும் பொதுத் தொகுப்புகளும் உண்டு; 1986-ல் வந்த கர்ப்ஸ் அவற்றுள் புகழ்பெற்றது. ஆனால் எந்த விதிகளை எடுப்பது, எவற்றை விடுவது என்ற வேலை முழுவதும் நடத்துநர் தலையில் விழுகிறது. புதிய குழுவுக்கு அது சுமையே.

செலவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை ஆங்கிலத்தில் இருந்தாலும், நடத்துநர் படித்துவிட்டு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் ஆட்டத்தைத் தமிழிலேயே நடத்தலாம்.