நைட் ரைடர் (தொலைக்காட்சித் தொடர்)

நைட் ரைடர் என்பது கிளென் ஏ. லார்சன் உருவாக்கிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஆகும். 1982 முதல் 1986 வரை என்.பி.சி. அலைவரிசையில் ஒளிபரப்பானது. டேவிட் ஹாசல்ஹாஃப் நடித்திருந்தாலும், உண்மையான நாயகன் ‘கிட்’ எனும் பேசும் கார்தான். கறுப்பு நிறப் போன்டியாக் வண்டியான அதற்கு வில்லியம் டேனியல்ஸ் குரல் கொடுத்தார். (கொல்கத்தா நைட் ரைடர்ஸ் அணியின் பெயரும் இத்தொடரிலிருந்து வந்ததே.)

2008-இல் இத்தொடர் புதுப்பிக்கப்பட்டது. கார் ஃபோர்டு மஸ்டாங் ஆனது. குரல் வால் கில்மருடையது. ஓட்டுநர் பழைய நாயகனின் மகன். கார் உருமாறவும் செய்தது. ஆயினும் ஒரே பருவத்துடன் 2009-இல் நின்றுபோனது.

1982-இல் கார் பேசுவதே வியப்பு. 2008-இலோ வழிகாட்டும் கருவிகள் பல கார்களில் பேசிக்கொண்டிருந்தன. பழைய கிட் ஓட்டுநரைக் கண்டிக்கும், கேலி செய்யும், அவருக்காகக் கவலைப்படும். ரசிகர்கள் நினைவில் வைத்திருந்தது அந்த நட்பை. புதிய தொடர் வண்டியை மெருகேற்றிய அளவுக்கு அதை வளர்க்கவில்லை.