உங்களுக்குத் தெரியுமா? இழுப்புச் சத்தம் அடங்குவதும் ஆபத்தாகலாம்

திருவண்ணாமலையைச் சுற்றும் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே உள்ள அடி அண்ணாமலையைப் பௌர்ணமி இரவில் கடக்கும் ஆஸ்துமா நோயாளிகளுக்கு, நெடுநடையின் களைப்போடு கற்பூரப் புகையும் காலடிப் புழுதியும் சேரும்போது, மூச்சுக்குழாய்த் தசைகள் இறுகி உட்சவ்வு வீங்குவதால், மூச்சுத்திணறலும் நெஞ்சிறுக்கமும் தோன்றக்கூடும். அப்போது படுக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து, இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும் சால்பியூட்டமால் இன்ஹேலரை, மருந்து தொண்டையிலேயே படிந்துவிடாமல் நுரையீரலை எட்ட உதவும் ஸ்பேசர் என்னும் குழலோடு பயன்படுத்த வேண்டும். அதற்கும் தணியாவிட்டாலோ, ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேச இயலாவிட்டாலோ, உதடு நீலம்பாரித்தாலோ, சுற்றை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவது உயிருக்கே உலை வைக்கும்; 2008 முதல் தமிழ்நாட்டில் கட்டணமின்றி இயங்கும் 108 ஆம்புலன்ஸை உடனே அழைக்க வேண்டும்.

பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு: விசில் போன்ற இழுப்புச் சத்தம், திணறல் குறையாமலேயே அடங்கிவிடுமானால், அது குணமன்று, ஒலி எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போய்வர முடியாதபடி குழாய்கள் அடைபட்டிருப்பதன் அறிகுறியாகும். நெஞ்சிறுக்கம் இடக்கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்துக் கொட்டினால், மாரடைப்பாகவும் இருக்கக்கூடும் என்பதால், அந்நிலையிலும் 108-ஐயே அழைக்க வேண்டும்.