மனையில் ஆக்கும் எரிநெய்

பண்டங்களைப் பொரித்து மிஞ்சிய எண்ணெய், கருமை படர்ந்தபின் உணவுக்கு ஆகாது. அதனை வண்டி ஓட்டும் எரிநெய்யாகத் தம் மனைகளிலேயே மாற்றிக்கொள்வோர் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உளர். அவ்வெரிநெய்க்கு உயிரி டீசல் என்பது பெயர். ஆண்டொன்றுக்கு 2,500 லிட்டருக்குக் குறைவாக ஆக்குவோர்க்குப் பிரிட்டன் அரசு 2007ஆம் ஆண்டில் எரிபொருள் தீர்வையினின்று விலக்களித்தது. பழைய எண்ணெயோ சிற்றுண்டிச் சாலைகளில் சிறு விலைக்குக் கிடைப்பது. ஆதலின் ஊதியம் மிகுதி என்று கருதிப் பலர் தொடங்குவர். செலவாகும் நாட்களை அவர்கள் முதலில் எண்ணுவதில்லை.

எண்ணெயை உள்ளபடியே எந்திரத்தில் ஊற்றலாகாதோ எனின், ஊற்றினும் எந்திரம் ஓடும். 1900ஆம் ஆண்டில் பாரிஸ் நகரப் பொருட்காட்சியில் டீசல் எந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயால் ஓடியது. ஆயினும் தாவர எண்ணெய் டீசலினும் பன்மடங்கு தடிப்பானது. நாளடைவில் நுண்துளைகளில் கரி படிந்து அடைக்கும். அத்தடிப்பை நீக்குவதே இம்முயற்சி.

முதற்கண் எண்ணெயை வடிகட்டி உணவுத் துணுக்குகளை அகற்றுதல் வேண்டும். பின்பு அதிலுள்ள நீரைப் போக்குதல் வேண்டும். பல நாள் அசையாது வைத்தால் நீர் அடியில் தங்கும். விரைவு வேண்டுவோர் காய்ச்சிப் போக்குவர். நீர் எஞ்சினாலோ, எண்ணெய் எரிநெய்யாகாது சவுக்காரமாகத் திரியும்.

அடுத்தது அமிலத்தை அளத்தல். புதிய எண்ணெயாயின் லிட்டருக்கு எரிசோடா ஏறத்தாழ 3.5 கிராம் போதும். பன்முறை காய்ந்த எண்ணெயில் அமிலம் மிகுந்திருக்குமாதலின் மேலும் சில கிராம் வேண்டும். அதனை அறிய, ஒரு மில்லிலிட்டர் எண்ணெயைச் சாராய வகை ஒன்றிற் கரைத்து, லிட்டருக்கு ஒரு கிராம் எரிசோடா கரைந்த நீரைத் துளித்துளியாக விடுவர். குறிகாட்டியாகச் சிலர் மஞ்சட்பொடியையே கொள்வர். சுண்ணாம்பு பட்டதும் ஆலத்தி நீர் சிவக்கிறதன்றோ? அவ்வாறே அமிலம் அடங்கியதும் கலவை சிவக்கும். அதுவரை செலவான மில்லிலிட்டர் எத்தனையோ, அத்தனை கிராம் எரிசோடா ஒவ்வொரு லிட்டர் எண்ணெய்க்கும் கூடுதலாக வேண்டும்.

இனி, அளந்த எரிசோடாவை மெத்தனாலிற் கரைக்க வேண்டும். இடர் மிக்கது இவ்வேலையே. மெத்தனால் கொடிய நஞ்சு. 2024ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சியில் பலர் உயிரைக் கவர்ந்த கள்ளச்சாராயத்தில் இருந்தது இதுவே. இதன் தீயோ பகலொளியில் கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே அடுக்களையில் செய்தல் ஒருபோதும் ஆகாது. காற்றோட்டமுள்ள வெளியிடத்தில், கையுறையும் கண்காப்பும் அணிந்தே செய்வர்.

100 லிட்டர் எண்ணெய்க்கு 20 லிட்டர் மெத்தனால் கொள்வது வழக்கம். 55 பாகை வெப்பத்தில் ஓரிரு மணி நேரம் கலக்கி, ஓர் இரவு அசையாது வைப்பர். கரிய கிளிசரின் அடியில் இறங்கும்; அதனை வடித்துவிட்டால் மேலே நிற்பது எரிநெய். ஆயினும் அதில் சவுக்காரமும் மெத்தனாலும் கலந்திருக்குமாதலின், பூந்தூறல்போல் நீர் தெளித்துக் கழுவுவர். பொறுமையிழந்து வன்மையாகக் கலக்கினால் நீரும் நெய்யும் மோர்போல் ஒன்றிவிடும். பின்னர் அவற்றைப் பிரிப்பது பெரும்பாடு. மூன்று நான்கு முறை கழுவுதலும், ஒவ்வொரு முறையும் நீர் இறங்கக் காத்திருத்தலும் வேண்டும். கைவேலை சில மணி நேரமே. காத்திருப்பு மூன்று நான்கு நாட்கள்.

இறுதியில் திறந்த கலத்தில் வைத்து, எஞ்சிய ஈரத்தை உலர்த்துவர். கண்ணாடிக் குடுவையில் எடுத்த நெய்யின் ஊடே செய்தித்தாளின் எழுத்தைத் தெளிவாகப் படிக்க முடிந்தபின்னரே அதனை வண்டியில் ஊற்றுவர்.